உங்கள் உமிழ்நீரைப் பெற வருபவர்

அன்புள்ள கணவருக்கு,

நான் அறிவியல் தேர்வு எழுதச் செல்கிறேன்.

மனித வாயில் பல நூறு வகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பது நாம் அறிந்ததே. முதுமையில் உடல் தளர்வதற்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பைப் பல் மருத்துவக் கல்லூரியினர் ஆராய்கின்றனர். "என் வாய்ல பூச்சியா? நான் என்ன குப்பைத்தொட்டியா?" என்று நேற்று கத்தினீர்களே, அவை பூச்சிகள் அல்ல. என் வாயிலும் உள்ளன.

ஆய்வு மாணவி பத்து மணிக்கு உங்கள் உமிழ்நீரைப் பெற வருவார். அதுவரை பல் துலக்க வேண்டாம். பிளாஸ்கில் உள்ள காப்பியை அவர் சென்றபின் அருந்துக. ஃபிரிட்ஜில் உள்ள குப்பியில் இருப்பது அவரிடம் கொடுக்க வேண்டிய என் உமிழ்நீர், இருமல் மருந்தன்று. சென்ற வாரம் போல நீங்களே கதவைத் திறந்து, "வீட்ல யாருமில்லம்மா" என்று கூறலாகாது.

அவர் உங்களை நடக்கச் சொல்லி நேரம் குறிப்பார். நீங்கள் அஞ்சுவது அதற்கே என்பதை நான் அறிவேன்.

இப்படிக்கு,
இந்த முதிய வயதில் பத்தாம் வகுப்பு மாணவியாகிய
உங்கள் மனைவி

பி.கு.: எனக்கு முழங்கால் வலி என்றது பொய். மாலை நடையில் நீங்கள் பின்தங்கத் தொடங்கினீர்கள். ஆகவே இரண்டு மாதங்களாக நானும் மெல்ல நடந்து வருகிறேன்.