ஜாஸ்லினின் புழுக்களும் என் ஜெபச் சீட்டும்

தூத்துக்குடி,
ஞாயிறு மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜாஸ்லினுக்கு அம்மா எழுதுவது. அவர் கிருபையால நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், ஜெர்மனியில நீயும் மருமகன் பெனிஸ்டனும் சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபிக்கேன். சுகம்னு எழுதிட்டேனே தவிர எனக்கு இருப்புக் கொள்ளல ஏளா. பதினாலு நாளா நீ போனை எடுக்கல, குழம்புல உப்புப் போட்டேனா இல்லையான்னு கூடத் தெரியல, துறைமுகத்துல கப்பல் சங்கு ஊதினாலும் உன் போன்னு எழும்புதேன்.

தப்பு என்மேலதான். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பிள்ளை, மாமியார்கிட்ட நானே சொல்லிக்கிடுதேன்னு நீ சொல்லியும் கேக்காம, உனக்குக் கர்ப்பத்தின் கனி வேணும்னு சீட்டு எழுதிக் கோயில் ஜெபப் பெட்டியில போட்டேன். பேரை வாசிக்க வேண்டாம்னு அடியில எழுத மறந்துட்டேன். போதகர் ஐயர் உன் பேர், மருமகன் பேர், ஊர் எல்லாத்தையும் மைக்குல வாசிச்சுட்டாங்க. மூணாவது பெஞ்சுல உன் மாமியார் மெட்டில்டா. ஆராதனை முடிஞ்சதும் உன் மகளுக்கு என்ன குறைன்னு வாசல்ல வச்சே கேட்டா, நான் குடையை விரிச்சுக்கிட்டு வீட்டைப் பாத்து நடந்துட்டேன். அன்னைக்கே மகனுக்குப் போன் போட்டிருப்பா, தெரியும்.

உன் ஆராய்ச்சிப் புழுவைப் பத்தி நீ முன்னால வாட்ஸ்அப்புல பேசி அனுப்பினதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கேன். உன் குரலுக்காகத்தான் கேட்டேன், பிறகு விஷயமும் மண்டையில ஏறிட்டு. முட்டையிட ஒரு நரம்பு செரடோனின், நியூரோபெப்டைடுன்னு ரெண்டு ரசாயனத்தை விடணும், ஒண்ணு குறைஞ்சா மத்தது கொஞ்சம் சமாளிக்கும், ரெண்டும் இல்லாட்டா முட்டை உள்ளேயே தங்கிரும்னு நீ சொல்லுத. தீனி இல்லாத இடத்துல புழு முட்டையை இடாமப் பிடிச்சு வச்சுக்கிடுமாமே. காற்புள்ளி அளவு புழு நேரமும் இடமும் பார்க்கு, அதைப் போய் யாரும் என்ன குறைன்னு கேக்கல. முப்பது வருஷம் டீச்சரா இருந்த எனக்கு இது தோணலியே, சீ. மெட்டில்டாகிட்ட உண்மையைச் சொல்லிருவோம்னு நேத்துக் காலையில செருப்பை மாட்டினேன், தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

கர்த்தர் உங்க ரெண்டு பேரையும் ஆசீர்வதிச்சுக் காக்கட்டும். முந்திரிப்பருப்பு மக்ரூன் அனுப்பியிருக்கேன், நொறுங்கும், பாத்துப் பிரி. குளிருக்குக் காதை மூடிக்கிட்டுப் போ. போனை எடு மகளே, பிள்ளை எப்பன்னு இனிமே வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு ஒரு பிள்ளை வேணும்தான். அது நீ.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானதீபம்