தீர்மானம் முடியும்வரை அறைச் சாவி யாரிடம்?

அனுப்புநர்:
இரா. அனந்தராமன்,
வாகட், புணே.

பெறுநர்:
திரு. சுப்ரமணியன் அவர்கள்,
அறங்காவலர் குழுத் தலைவர்,
சங்கமம் தமிழ் மன்றம், புணே.

பொருள்: பதவிநீக்கத் தீர்மானம் நிலுவையில் உள்ள மன்றத் தலைவரின் நிர்வாக அதிகாரங்களை நிறுத்திவைக்கக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு ஆண்டுகளாகப் பொதுக்குழுவைக் கூட்டாத தலைவர் திரு. கிருஷ்ணஸ்வாமியை நீக்கக் கோரி இருபத்தைந்து பேர் கையொப்பமிட்ட தீர்மானம் தங்களிடம் உள்ளது. வாக்கெடுப்பு 29ஆம் தேதி. அதுவரை முத்திரையும் விருந்தினர் அறைச் சாவியும் அவரிடமே இருக்கின்றன.

2. சாகணில் வேலை பார்க்கும் உறுப்பினர் இன்பநாதனின் மனைவி ஆரோக்கியமணி, அந்த அறையில் தங்கித் தினமும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நடந்தே போய்வந்தார். இன்னும் பதினொரு நாள் சிகிச்சை பாக்கி. இன்பநாதன் கையொப்பமிட்ட மறுநாளே, பராமரிப்புப் பணி என்று சொல்லி அறை பூட்டப்பட்டது. இதுவரை ஒரு கொத்தனாரும் வரவில்லை. தலைவர் தொலைபேசியில் சொன்னதை இன்பநாதன் எழுதித் தந்துள்ளார்: "நீங்க கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கோங்கோ, ரூம் ரிப்பேர் அன்னிக்கே முடிஞ்சுடும்."

அந்த அம்மா இப்போது முப்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள சாகணிலிருந்து பேருந்தில் வருகிறார். நேற்று மருத்துவமனை வாசலில் பார்த்தேன். தொண்டை புண்ணானதால் பேச முடியவில்லை. மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் காட்டினார்: "அவரை வாபஸ் வாங்க வேணாம்னு சொல்லுங்கண்ணே."

3. தலைவர் விதி 14ஐக் காட்டுகிறார்: தீர்மானம் நிறைவேறும்வரை தலைவரின் அதிகாரம் எதுவும் குறையாது. அந்த விதியை எழுதியவன் நான்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன், தலைவராக இருந்த என்மீது இதே போன்ற தீர்மானம் வந்தபோது, வாக்கெடுப்புக்குக் காத்திராமல், பொங்கல் விழா மேடையிலேயே என்னிடமிருந்து முத்திரையைக் கேட்டு வாங்கியவர் இதே கிருஷ்ணஸ்வாமி. என் மனைவி ரமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தீர்மானம் தோற்றது. ரமா அதன்பின் மன்றத்துப் பக்கமே வரவில்லை. அந்த ஆத்திரத்தில் எழுதிய விதி அது. தலைவர் நாற்காலியில் இருப்பவரை மட்டுமே நினைத்தேன். அவர் கையிலுள்ள சாவியை நம்பி இருப்பவர்களை நினைக்கவில்லை. தவறு என்னுடையது.

4. ஆகவே, வாக்கெடுப்பு முடியும்வரை முத்திரை, அறை ஒதுக்கீடு, உறுப்பினர் பட்டியல் மூன்றையும் தாங்கள் பொறுப்பேற்று, இன்றே அறையைத் திறந்துவிடும்படி வேண்டுகிறேன். தலைவர் என்ற பெயர் அவருக்கே இருக்கட்டும். தீர்மானம் தோற்றால் அன்றே எல்லாவற்றையும் அவரிடம் திருப்பித் தர வேண்டும்.

கிருஷ்ணஸ்வாமியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும், சாவி வாங்கத் தாங்கள் தனியாகவே போக வேண்டும். அவர் மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும்.

இடம்: புணே
நாள்: 12-06-2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
இரா. அனந்தராமன்