புதுமனைக்கு வந்த பவளப்பாறை

3 ஜூலை 2025

முட்டி வலி. ஆனாலும் அரூர் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் மான்கொம்பு பிடித்தோம். "எங்கப்பா காலத்துல மாட்டுனதுங்க சார், சும்மா அழகுக்குங்க" என்றார் வீட்டுக்காரர் சென்றாயன். அழகெல்லாம் காட்டில்தான் இருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினேன். வனக்காப்பாளர் வேலையில் எனக்குப் பிடித்ததே இந்தப் பேச்சுதான்.

8 ஜூலை

தருமபுரியில் பயிற்சி. ராமநாதபுரத்திலிருந்து வந்த கேத்தரின் மேடம் பவளப்பாறை பற்றிப் பேசினார். கடலே இல்லாத மாவட்டத்துக்கு இது எதற்கு என்று பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தேன். அது பாறையே இல்லையாம். கடுகளவு உயிர்கள் கூட்டமாகக் கட்டும் வீடு. வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. மீன்குஞ்சுகள் வளர்வதும் அங்கேதான், கரைக்கு வரும் அலையின் வேகத்தைக் குறைப்பதும் அதுதான். பிறகு ஒரு படம் போட்டார். "இதை உடைப்பதும் விற்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். வன உயிரினச் சட்டத்தில் புலி, யானை இருக்கும் அதே அட்டவணை ஒன்று."

அதே சாமான் என் வீட்டில், டிவி பக்கத்தில், உச்சியில் பிளாஸ்டிக் கிளியோடு நிற்கிறது! சுகுணாவின் அண்ணன் நவநீதன், எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு ராமேஸ்வரம் போனபோது வாங்கித் தூக்கி வந்தது. கல் என்று நினைத்து ஆறு வருடமாகத் தூசி தட்டியிருக்கிறேன். வீட்டில் புலியை வைத்துக்கொண்டா ஊரார் வீட்டில் கொம்பு தேடினேன்? வேலை போய்விட்டால்?

9 ஜூலை

சுகுணாவிடம் சொன்னேன்.

"எங்கண்ணன் குடுத்ததுன்னா உங்களுக்கு எப்பவும் ஆவாது. உங்க தங்கச்சி குடுத்த கடிகாரத்துக்கு ஒரு சட்டமும் இல்லீங்களா?"

மச்சானைக் கண்டால் எனக்கு ஆகாது என்பது உண்மை. கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும் என்னை ஒல்லிக்குச்சி என்றவர். ஆனால் இது அதற்காக இல்லை — இல்லைதானே?

11 ஜூலை

எங்கள் ரேஞ்சர் பிரபாகர் சார் ஞாயிறன்று சாப்பிட வருகிறாராம். அவராகவே சொல்லிவிட்டார்.

12 ஜூலை

சுகுணா கிளியை எடுத்துவிட்டு, பாறைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி மாடத்தில் ஏற்றிவிட்டாள். "இப்ப இது சாமிங்க. யாரு கேக்கறாங்கன்னு பாக்கறேன்."

13 ஜூலை, ஞாயிறு

ரேஞ்சர் வந்ததும் திருநீறு பூச நேராக மாடத்துக்கே போனார்.

"இது எந்தச் சாமிங்க?"

"எங்க பொறந்த வூட்டுல இருந்து வந்ததுங்க சார்" என்றாள் சுகுணா, கண் இமைக்காமல்.

பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் நாட்டுக்கோழிக் குழம்பை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

14 ஜூலை

தப்பித்தோம். ஆனால் சந்தோஷமே இல்லை. துளைகளில் குங்குமம் அப்பிக்கொண்டது. இருவரும் உட்கார்ந்து பழைய பிரஷ்ஷால் தேய்த்தோம்.

"இத்தன ஓட்ட எதுக்குங்க?"

"ஒவ்வொண்ணும் ஒரு வூடு" என்று ஆரம்பித்து, மேடம் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

தையல் டேப்பைக் கொண்டுவந்து அளந்தாள். பத்தொன்பது சென்டிமீட்டர், அப்படியென்றால் பத்தொன்பது வருட வளர்ச்சி. எங்களுக்குக் கல்யாணமாகியும் பத்தொன்பது வருடம். பாறையைத் துண்டில் சுற்றி என் பையில் வைத்தாள்.

15 ஜூலை

ஒப்படைத்துவிட்டேன். "யோவ், என்னையக் கும்பிட வெச்சிட்டியேய்யா!" என்று ரேஞ்சர் கத்தினார். விளக்கம் கேட்டு மெமோ. யார் கொடுத்தது என்றும் எழுத வேண்டுமாம். எழுதினால் மச்சானுக்கும் கேஸ். எழுதாவிட்டால் என் வேலை. சே, என்ன பொழப்பு இது!

18 ஜூலை

விளக்கம் எழுதினேன். பெயர் எழுதும் இடம் மட்டும் காலி.

20 ஜூலை, ஞாயிறு

சுகுணா போனில் சொல்லியிருக்கிறாள். மாரண்டஹள்ளியிலிருந்து மச்சான் வந்துவிட்டார், ஒரு பை தக்காளியும் கோபமுமாக.

"நான் குடுத்த சீரக் கொண்டுபோயி ஆபீசுல குடுத்தீங்களா மாப்ள?"

பழியை அரசாங்கத்தின் மேல் போட வாயெடுத்தேன். சுகுணா முந்திக்கொண்டாள்.

"நாங்க புது வூட்டுக்குப் போறதுக்கு, இன்னொருத்தரு வூட்ட ஒடச்சா எடுத்தாருவ, அண்ணா?"

துளை, வீடு, பத்தொன்பது வருடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நெடுநேரம் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரியாதே, புள்ள" என்றார். பிறகு என் விளக்கத்தைக் கேட்டு வாங்கி, காலியாக விட்டிருந்த இடத்தில் கொட்டை எழுத்தில் தன் பெயரையும் செல் நம்பரையும் எழுதிக் கையெழுத்தும் போட்டார். "கேசுன்னா ரெண்டு பேருமா போலாம் மாப்ள."

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பியவரிடம், நாளைக்குப் போகலாம், இருங்கள் மச்சான் என்றேன். பத்தொன்பது வருடத்தில் அவரிடம் இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.