உட்கார்ந்து சாப்பிடாத பெண்

காலையில் கல்லுப்பு ஜாடி கை நழுவி உடைந்தது. சில்லுகளைப் பொறுக்க முட்டி போட்டேன். ஒரு உப்புக்கல் புடவையையும் மீறிக் குத்தியது. எழுந்திருக்காமல் அப்படியே இருந்து பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. நூறு எண்ண நினைத்து, நாற்பதைத் தாண்டுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் போய் இரண்டு மாதம் ஆகிறது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சென்ற ஆண்டு, கடல் உள்ளே வந்துபோன இரண்டாம் மாதம், மரக்காணத்தில் வீடுகளுக்குள் புகுந்த மணலை அள்ள என் கல்லூரி மாணவிகளை முகாமுக்கு அழைத்து வந்திருந்தேன். உப்பளப் பாத்திகளெல்லாம் சேறாகிக் கிடந்ததால் உங்களுக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எங்களுக்குச் சமைக்க வந்தீர்கள். நமக்கு ஏறக்குறைய ஒரே வயது. என்னை டீச்சர் என்றீர்கள். நான் உங்களைப் பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிடாமலே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் கரண்டியோடு என்னிடம் வந்தீர்கள்.

"டீச்சர், அந்த ஒல்லிப் பொண்ணு குந்தவே மாட்டேங்குது. நேத்தும் நின்னுக்கினே தின்னுச்சு."

தரையில் உட்காரக் கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது, டவுன் பெண் என்றேன்.

"கூச்சம் இல்ல. முட்டி ரெண்டும் புண்ணு. நாந்தான் எண்ணெ போட்டு வுட்டேன். உப்புல வேலை செஞ்சா பாதத்துல வெடிக்கும் டீச்சர். முட்டியில வந்தா, யாரோ முட்டி போட வச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

பள்ளிக்குப் பின்னால் ஓலை மூடிக் கிடந்த பழைய உப்புக் குவியலிலிருந்து எடுத்து வந்து, வகுப்பறைத் தரையில் பரப்பி, முதலாம் ஆண்டு மாணவிகளை அதன்மேல் மூத்த மாணவிகள் முட்டி போட வைத்திருக்கிறார்கள். அந்த மூத்தவர்கள் பதினெட்டுப் பேரின் பெயரையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். தவறினால் முதலிலிருந்து. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அன்று எனக்கு அவ்வளவாக நம்பிக்கை வரவில்லை. விடுதியில் நானும் பாடச் சொன்னால் பாடி, ஆடச் சொன்னால் ஆடி வந்தவள்தான். செத்தா போனேன் என்று நினைத்தேன்.

ஆனாலும் விசாரிக்க வேண்டுமே. சாயந்தரம் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, "யாரையாவது யாராவது ராகிங் பண்ணாங்களா? பயப்படாம கை தூக்குங்க" என்று கேட்டேன். இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவள் கேட்ட கேள்வி அது.

முகாம் தலைவியான மூத்த மாணவி எழுந்தாள். "நம்ம கேம்ப்ல அதெல்லாம் இல்ல மேடம். நாங்க ஒரே ஃபேமிலி." சிரிப்பு எழுந்தது. அவள் திரும்பி, சுவரோரமாக நின்றிருந்தவளைக் கேட்டாள்: "ஏய், நீயே சொல்லு. உன்ன யாராச்சும் எதாச்சும் பண்ணாங்களா?"

"இல்லக்கா."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. நீங்கள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கூட்டம் கலைந்ததும் மெதுவாகச் சொன்னீர்கள்: "செஞ்சவளப் பக்கத்துல குந்த வச்சிட்டு, செஞ்சாளான்னு கேட்டா, எந்தப் பொண்ணு டீச்சர் வாயத் தொறக்கும்?"

மறுநாள் காலை அந்த ஒல்லிப் பெண் வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் கொண்டு வந்தாள். கையெழுத்துப் போட்டேன். தனியாகப் புதுச்சேரி பஸ் ஏறிப் போனாள். முகாம் சிறப்பாக நடந்தது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து, இரண்டு பஸ் மாறி, இஸ்திரி போட்ட புடவையில் கல்லூரிக்கு வந்து நின்றீர்கள். "அந்தப் பொண்ணு வருதா?" என்பதுதான் முதல் கேள்வி. வரவில்லை என்றேன். "அப்ப பெரியவங்ககிட்ட இட்டுனு போங்க."

முதல்வர் உங்களை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?"

"முட்டியப் பாத்தேங்க."

"அந்தப் பொண்ணு யார் பேரையாவது சொல்லிச்சா?"

"சொல்லலீங்க. பத்து வயசுலேர்ந்து உப்புல நிக்கிறேன். எந்தப் புண்ணு எப்படி வரும்னு எனக்குத் தெரியாதுங்களா? எழுதிக்கோங்க, கைநாட்டு வைக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். முன்பு எழுதிய அறிக்கை தவறு என்று என் வாயால் சொன்னது அப்போதுதான். என்னுடையது என்று அந்தக் காரியத்தில் ஏதாவது உண்டென்றால் அது மட்டும்தான். நீங்கள் வந்துபோன செய்தி பரவியதும், முதலாம் ஆண்டுப் பெண்கள் இரண்டு பேர், தனித்தனியாக, வெவ்வேறு நாளில் என் அறைக்கு வந்து எழுதிக் கொடுத்தார்கள். மூத்த மாணவிகள் ஐந்து பேரை ஒரு பருவம் நீக்கினார்கள்.

அந்த ஒல்லிப் பெண் திரும்பவில்லை. அண்ணன் வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனான். நான் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இதை உங்களிடம் சொன்னபோது, "வராது டீச்சர், நானா இருந்தாலும் வர மாட்டேன்" என்றீர்கள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். சொல்லாமல் விட்டதே சரி.

இந்த ஆண்டு முகாமுக்குச் சமையல் பேச உங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் மருமகள் செய்தி சொன்னாள். காய்ச்சல், நாலே நாள் என்றாள். முகாமில் இப்போது யாரையும் கூட்டி வைத்து நான் எதுவும் கேட்பதில்லை. பந்தியில் அவர்களோடு உட்காருகிறேன். யார் உட்காரவில்லை என்று பார்க்கிறேன்.

இரண்டாம் நாள் ஒரு பெண் தட்டோடு நின்றாள். என் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அவளாகவே, "முதுகு வலி மேடம்" என்றாள். நம்பவில்லை. மூன்று நாள் அவளோடு நின்றே சாப்பிட்டேன். முதுகு வலிதான் போலிருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பீர்கள். எனக்கு அந்தக் கண் இல்லை. அதனால் நாலாவது நாளும் நின்றேன்.