முப்பத்தொன்பது டிகிரி

அக்கூர்,
ஜூலை 2

மதிப்பிற்குரிய வானிலை வாசிப்பாளர் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுத இந்த மாதம் மனம் வரவில்லை. செங்கல் லாரி ஓட்டும் நூர்லானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் உனக்கு முன்னால் மூன்று பேர் படித்துவிடுவார்கள்.

இருபத்தாறு நாளாக மாலை ஏழு மணிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்று, "நாளை நாடு முழுவதும் முப்பத்தொன்பது டிகிரி" என்கிறாய். அப்பா விட்டுப்போன தெர்மாமீட்டர் என் சமையலறைச் சுவரில் நாற்பத்து நான்கு காட்டுகிறது. கடைக்குப் புதிதாக வருகிற தெர்மாமீட்டரில் நாற்பதுக்கு மேல் கோடே இல்லை. எங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதற்குள்தான் வர வேண்டும்.

தொலைக்காட்சியில் நாற்பது என்று சொல்லிவிட்டால் சட்டப்படி மறுநாள் சூளையை மூட வேண்டும், கூலியும் தர வேண்டும். அதனால்தான் நீ சொல்வதில்லை. நேற்று என் வீட்டுக்காரர் சப்பார் செங்கல் சுமக்கும்போது மயங்கி விழுந்துவிட்டார். மேஸ்திரி துர்சுன் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு, "எந்திரிப்பா! முப்பத்தொம்பதுக்கெல்லாம் எவனாவது விழுவானா? உன் மச்சான் சொல்றத நீயே நம்பலேன்னா எப்படி?" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்கிறார் மருத்துவர்.

இப்படிக்கு,
உன் நேயர்களில் ஒருத்தி,
மெஹ்ரி


செர்காபாத்,
ஜூலை 9

என் கோபக்காரத் தங்கச்சிக்கு,

மச்சானை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல். உப்பு மாத்திரை ஐம்பதும் ஒரு குடையும் நூர்லானிடம் கொடுத்திருக்கிறேன். குடையில் நம் நாட்டுத் தலைவர் மகா காவலரின் படம் இருக்கிறது, தரையில் வைத்துவிடாதே. போன மாதம் ஒருவனுக்கு அதற்காகவே எட்டு நாள் காவல்.

எனக்கு வருகிற தாளில் எண் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. அது வானிலை நிலையத்திலிருந்து வருவதில்லை, தொழில் அமைச்சகத்திலிருந்து வருகிறது. நான் வாய் மட்டும்தான்.

இங்கே ஒரு சொல் தவறினால் என்ன ஆகும் தெரியுமா? போன வருடம் குல்னாரா அக்கா செய்தி வாசிக்கும்போது காவலரின் பிறந்தநாள் பதின்மூன்றைப் பன்னிரண்டு என்று வாசித்துவிட்டார். திருத்தம் போட்டால் அரசுத் தொலைக்காட்சி தப்புச் செய்தது என்றாகிவிடும். இருபத்தாறு வருடத்தில் நாங்கள் ஒரு திருத்தமும் போட்டதில்லை. ஆகவே நாடே பன்னிரண்டாம் தேதி கேக் வெட்டியது. காவலரும் அன்றுதான் பிறந்தார், இந்த வருடமும் அன்றுதான் பிறந்தார். அக்கா மட்டும் இப்போது ஆவணக் கிடங்கில் தூசி தட்டுகிறார்.

எனக்கு இந்த வேலை போனால் அன்றைக்கே வீடும் போய்விடும். புரிந்துகொள்.

உன் அண்ணன்,
ரவ்ஷன்


அக்கூர்,
ஜூலை 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

என்னை மன்னித்துவிடு. நீ இப்படி ஒரு காரியம் செய்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை!

கண்டுபிடித்தது சாயாக்கடைக் கிழவர் மம்மத். முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டு நீ கைக்குட்டையால் நெற்றியைத் துடைக்கிறாயே, ஒரு துடைப்புக்கு ஒரு டிகிரி! பன்னிரண்டாம் தேதி ஐந்து தடவை துடைத்தாய். மறுநாள் அப்பாவின் தெர்மாமீட்டரில் அச்சாக நாற்பத்து நான்கு. இப்போது ஏழு மணி ஆனால் ஊரே சாயாக்கடையில்தான். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று கூட்டமாக எண்ணுகிறார்கள். "கன்னத்தத் தொடச்சது கணக்குல வருமா?" என்று நேற்று ஒரு சண்டை. "கன்னம் அரை டிகிரிடா!" என்று மம்மத் தீர்ப்புச் சொன்னார்.

உன்னை என் அண்ணன் என்று இத்தனை நாள் வெளியே சொல்லவே கூசினேன். இப்போது ரொட்டிக்கடையில் வரிசையில் நிற்கவிடுவதில்லை, "ரவ்ஷன் தங்கச்சி, முன்னால வாம்மா" என்கிறார்கள்.

துர்சுன் மட்டும், "கைக்குட்டைக்கெல்லாம் லீவு கெடையாது, செங்கல்லத் தூக்கு" என்கிறான். போகட்டும். யாரோ ஒருவராவது உண்மை சொல்கிறாரே என்று ஜனங்களுக்கு ஒரு தெம்பு.

உன் தங்கை,
மெஹ்ரி


செர்காபாத்,
ஜூலை 23

மெஹ்ரி,

நீ மறுபடி 'அண்ணா' என்று எழுதியதைப் படித்தபிறகு இதை எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது.

எங்கள் ஒளிபரப்புக் கூடத்தில் மே மாதத்திலிருந்து குளிர்சாதனம் ஓடவில்லை. பழுதுபார்க்கச் சொல்லி மனுப் போட்டோம். 'முப்பத்தொன்பது டிகிரிக்குக் குளிர்சாதனம் தேவையில்லை' என்று பதில் வந்தது. விளக்குகளின் கீழே கம்பளிக் கோட்டோடு நிற்கிறேன். வேர்க்கிறது, துடைக்கிறேன். அவ்வளவுதான். ரகசியம் ஒன்றும் இல்லை. நான் தைரியசாலி இல்லை.

மம்மத்திடம் சொல்லிவிடு.

ரவ்ஷன்


அக்கூர்,
ஜூலை 26

மதிப்பிற்குரிய வாசிப்பாளருக்கு,

சப்பார் மறுபடி விழுந்துவிட்டார். அவரையும் சேர்த்துச் சூளையிலிருந்து பதினொரு பேர் மருத்துவமனையில் கிடக்கிறார்கள். வெயிலால் என்று எழுத முடியாதாம், அதனால் பதினொரு பேருக்கும் ஜலதோஷம் என்று சீட்டு. ஜலதோஷத்துக்கு மூன்று நாள்தான் விடுப்பு. இருபத்தொன்பதாம் தேதி காலை அவர் சூளையில் நிற்க வேண்டும். நின்றால் உயிர் போகும், நிற்காவிட்டால் சூளைக்காரர்கள் கொடுத்த வீடு போகும். உனக்கும் வீடுதானே கவலை, அதனால் புரியும்.

மம்மத்திடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

மெஹ்ரி


செர்காபாத்,
ஜூலை 30

மெஹ்ரி,

பார்த்திருப்பாய். இருபத்தெட்டாம் தேதி தாளில் முப்பத்தொன்பதுதான் இருந்தது. என் வாயிலிருந்து நாற்பத்தைந்து வந்தது. குரல் எப்படி நடுங்காமல் இருந்தது என்று இன்னும் தெரியவில்லை.

இயக்குநர் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். "திருத்தம் போடுங்கய்யா! ஒடனே போடுங்க!"

"போட்டுடலாம் சார். யார் கையெழுத்து?" என்று கேட்டார் செய்தி ஆசிரியர்.

"நீங்க போடுங்க."

"நான் எதுக்கு சார்? இருபத்தாறு வருஷத்துல மொதல் தப்பு என் பேர்லயா?"

அமைச்சகத்துக்குப் போன் போட்டார்கள். அவர்களும் கையெழுத்துப் போட மாட்டார்களாம். கடைசியில் அரசுத் தொலைக்காட்சி தப்பே செய்யாது, ஆகவே நாளை நாற்பத்தைந்துதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

தப்புச் செய்யாதவனை வேலையைவிட்டு நீக்க முடியாதல்லவா? இடமாற்றம் கொடுத்திருக்கிறார்கள். 'வெப்பநிலையை நேரில் அறியும் பொருட்டு' அக்கூர் செங்கல் சூளைக்கு. நூர்லானின் லாரியில் வியாழக்கிழமை வருகிறேன். படுக்க ஓர் இடம் கிடைக்குமா? கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

ரவ்ஷன்


அக்கூர்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணா,

மாடியில் சப்பார் பக்கத்திலேயே உனக்குப் பாய் போட்டிருக்கிறேன். முலாம்பழத்தைக் கிணற்றில் இறக்கி வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டை அங்கேயே விட்டுவிட்டு வா.

இருபத்தொன்பதாம் தேதி காலை சூளைச் சங்கு ஊதவில்லை. துர்சுன் சூளை வாசலில் வந்து நின்று, "டிவில சொல்லிட்டாங்கப்பா... நான் என்ன பண்றது?" என்று முணுமுணுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டான். உன் மச்சான் வீட்டில் மதியம் வரை தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வந்தது. இப்போது எழுந்து நடக்கிறார். கூட ஒருநாள் கிடைத்ததில் மருத்துவர் தைரியமடைந்து ஜலதோஷத்தை நிமோனியாவாக மாற்றி எழுதிவிட்டார். அதற்கு ஒரு மாதம் விடுப்பு.

நேற்று உன் இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. "நாளை நாடு முழுவதும் முப்பத்தொன்பது" என்றாள். சாயாக்கடையில் எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டோம். அப்போது அவள் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள்.

முதலில் எண்ண ஆரம்பித்தது யார் தெரியுமா? துர்சுன். "ஒண்ணு" என்றான்.

மொத்தம் நாலு. கூடத்தில் குளிர்சாதனத்தை இன்னும் சரிசெய்யவில்லையா, அண்ணா? வேண்டாம், எழுதாதே. நேரில் வரும்போதும் சொல்லாதே.

உன் தங்கை,
மெஹ்ரி