மச்சான், உன் ஆள் மலைச்சரிவில் நிற்கிறான்

செத்த பிறகும் என்னோடு மல்லுக்கு நிற்கும் என் தங்க மச்சான் சுப்பையாவுக்கு,

நிறுத்து. கள்ளன் நான் இல்லை. நீ அங்கே படுத்துக்கொண்டும் முதலில் என்னைத்தான் சந்தேகப்படுவாய். உயிரோடு இருந்தபோது டோர்ச் லைட் காணவில்லை என்று லயத்து வீட்டு வரிசை முழுக்க என் பெயரைக் கத்தினாய். பிறகு அது உன் தலையணைக்கு அடியில் இருந்தது. ஒரு மன்னிப்புக் கேட்டாயா? ஃபோன் விளையாட்டுக்குள் இருக்கிற உன் ஆளை நான் எடுக்கவில்லை. என் குள்ளனையே சுவரில் முட்டாமல் நடக்க வைக்க எனக்குத் தெரியாது. உன் வாள்காரனை வைத்து நான் என்ன செய்ய?

நடந்ததைச் சொல்கிறேன். குறுக்கே பேசாதே. வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னால் குறுக்கே பேச முடியாது, அதை நான் கொஞ்சம் அனுபவிக்கிறேன். இதைப் பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன், பிழை திருத்துவது அவர்கள் பாடு. அதனால் உனக்குத் தெரிந்த கதையும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்.

சர்க்கரை வியாதி உன் வலது காலை எடுத்துக்கொண்டு போன பிறகு, கத்தாரில் வேலை செய்யும் உன் மகள் வசந்தி ஒரு பெரிய ஃபோன் அனுப்பினாள். அதற்குள் ஒரு விளையாட்டையும் போட்டுவிட்டிருந்தாள். "அப்பா, சும்மா படுத்தே கெடக்காதீங்க. இதுக்குள்ள நடங்க" என்றாள். ஃபோனுக்குள் ஒரு தனி உலகம். மலை, காடு, கோட்டை, நெருப்புக் கக்கிப் பறக்கிற பாம்பு. எந்தெந்த நாட்டிலோ இருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு உருவத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் சுற்றுகிறார்கள். நீ சிவப்புப் போர்வை போட்ட, மீசை வைத்த, பனைமர உயர வாள்காரனை எடுத்தாய். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் லயத்து வாசற்படியைத் தாண்ட முடியாத மனிதன், உள்ளே போன உடனே ஓடினாய். "மச்சான், ரெண்டு காலும் இருக்கு பாரு! ரெண்டு காலும்!" என்று நீ கத்தியது அடுத்த லயத்துக்கும் கேட்டது.

பிறகு என் ஃபோனிலும் அதைப் போட்டு என்னையும் இழுத்தாய். எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததும் நீதான். இடுப்பு வரைக்கும் தாடி வைத்த ஒரு குள்ளன்.

"ஏன்யா, எனக்கு மட்டும் குள்ளன்?"

"பொருத்தமா இருக்கட்டும்னுதான் மச்சான்."

அந்த உலகத்தின் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே நம்பிக்கை இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்டக் காடு, முழங்கால் வரை புல், ஆனால் ஒரு அட்டை கூட ஏறவில்லை. அட்டை இல்லாத ஈரக்காடு எந்த ஊரில் இருக்கிறது? எதையோ மறைக்கிறார்கள். மழை பெய்கிறது, ஒருத்தனும் ஒதுங்குவதில்லை. எல்லா வீட்டுக் கூரையிலும் புகை, விறகு சுமக்கிற ஒரு பெண்ணைக் காணோம். மருந்துச் செடி வாங்குகிற கடைக்காரன் வேறு எந்நேரமும் "ஹோ ஹோ" என்று சிரிக்கிறான். நான் போகும்போதெல்லாம் மரியாதையாக நலம் விசாரித்தேன். அதே சிரிப்பு, அதே பேச்சு. "அவன் ஆளே இல்ல, பொம்ம" என்றாய். "நம்ம தோட்டத்து ஆபீஸ்லயும் ஒருத்தரு இப்பிடித்தான் இருக்காரு, அவரையும் ஒருக்கா தட்டிப் பாக்கணும்" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.

ஆனால் நீ அங்கே வீடு கட்டியபோது நானும் வாயை மூடிக்கொண்டேன். ஓடைக்குப் பக்கத்தில், மரமெல்லாம் நாம் வெட்டிச் சுமந்தது. கதவில் உன் பெயர். இங்கே நாம் பிறந்த ஒற்றை அறைக் காம்பரா நம் பாட்டன் காலத்திலிருந்து தோட்டத்துடையது. ஒரு ஜன்னல் வைப்பதென்றாலும் ஆபீஸில் போய் நிற்க வேண்டும். அங்கே நீ நாலு பக்கமும் ஜன்னல் வைத்தாய். லெச்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினாய். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. "அங்க போயி சோறாக்கவா முடியும்?" என்றாள்.

லெச்சுமி உன் பெண்டாட்டி மட்டுமா? என் கூடப் பிறந்த தங்கச்சி. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதிலே பாதி அவள் குரலால் ஆனது. அந்த ஃபோன் வந்த நாள் முதல் நீ அவள் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை என்று என்னிடம் வந்து அழுதாள். நீ போன அன்றைக்கு, உன் ஃபோன் என்று சொல்லி ஒரு கைக்குட்டை முடிச்சைச் சவப்பெட்டிக்குள் உன் கைப்பக்கமாக வைத்தாள். "இந்தச் சனியனும் அவரு கூடவே போகட்டும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும் சேந்துதான அண்ணே அவர இதுக்குள்ள தள்ளுனீங்க." அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். தேத்தண்ணீர் கூட வரவில்லை மச்சான்.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு, நினைவிருக்கிறதா? சொந்தக்காரன் நெடுநாள் உள்ளே கால் வைக்காவிட்டால் வீடு விழுந்துவிடும், இடம் வேறொருத்தனுக்குப் போய்விடும். வசந்திதான் வாசித்துச் சொன்னாள். உனக்கு முப்பதாம் நாள் கும்பிட்டு முடித்த பிறகு, விழுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன்.

வீடு விழவில்லை. ஜன்னலில் விளக்கு எரிந்தது. வீட்டுக்குப் பின்னால் செடி முளைத்த மலைச்சரிவில், சிவப்புப் போர்வையோடு உன் ஆள் நின்றான்.

உன் ஃபோன் மண்ணுக்கடியில், உன் கையருகில். அப்படியென்றால் இது யார்?

கோபப்படாதே, முதலில் உன்னைத்தான் சந்தேகப்பட்டேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வந்தேன் என்று பெயர் கொடுத்துவிட்டுப் பின்பக்கமாக நழுவித் தூங்கப் போனவன் நீ. குழியிலும் பெயர் கொடுத்துவிட்டு நழுவியிருக்கலாம் இல்லையா? தேயிலை ஓரமாக ஏறி உன் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மண் இறுகிப் புல் வந்திருந்தது, யாரும் தோண்டவில்லை. நான் நட்ட செவ்வந்தியை ஒரு ஆடு தின்றுகொண்டிருந்தது. அதையும் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தேன்.

பிறகு வசந்திக்கு ஃபோனில் கோல் எடுத்தேன்.

"மாமா, வேலைல நிக்கிறேன். எனக்கு ஒன்னும் தெரியாது."

"நா இன்னும் ஒன்னும் கேக்கவே இல்லையேடி?"

வைத்துவிட்டாள். உன் மகள்தான். பொய் சொல்லும்போது உன்னைப் போலவே அவசரம்.

வேறு வழியில்லாமல் உன் ஆளின் பின்னாலேயே திரிந்தேன். குள்ளனாக இருப்பதில் ஒரு லாபம், புல்லுக்குள் மறைந்தால் யாருக்கும் தெரியாது. கள்ளன் என்றால் வீட்டை விற்பான், வாளை விற்பான் என்று காத்திருந்தேன். வாளை உருவவே இல்லை. ஒரு காட்டுப் பன்றி வந்தது, திரும்பி ஓட்டம் பிடித்தான். மற்ற நேரமெல்லாம் செடி பறித்தான். அந்தப் பறிப்பைப் பார்த்துத்தான் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

நீ செடி பறித்த அழகு எனக்குத் தெரியாதா? நீ தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினவன், கொழுந்து பறித்தவன் இல்லை. கண்ட இடத்தில் பாய்வாய், அறுப்பாய், அடுத்த மேட்டுக்குத் தாவுவாய். அங்கே வருகிற எல்லோரும் அப்படித்தான். இவன் நம் பெண்கள் கொழுந்து எடுக்கிற மாதிரி சரிவில் ஒரு நெரையைப் பிடித்தான். ஒரே வரிசை, இந்த முனையில் தொடங்கினால் அந்த முனை வரை, ஒரு செடியை விடாமல். நடுவில் எவனோ இறக்கை வைத்த ஒருத்தன் வந்து பக்கத்து வரிசையில் இறங்கினான். அங்கே செடி கொழுத்துக் கிடந்தது, இவன் கை வைக்கவே இல்லை. அது அடுத்தவன் நெரை.

பை நிறைந்ததும் கடைக்காரனிடம் இறங்கினான். அந்தக் கடையில் வரிசையே கிடையாது மச்சான். ஒருத்தன் உடம்புக்குள் ஒருத்தன் புகுந்து போவான், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வியாபாரம் நடக்கும். உன் பனைமர வாள்காரன் கடைசி ஆளின் முதுகுக்குப் பின்னால் போய், தள்ளி, அடக்கமாக நின்றான். முன்னால் நின்றவன் போனதும் ஒரு அடி வைத்தான். இன்னொருத்தன் வந்து முன்னால் நின்றான். இவன் மறுபடி காத்திருந்தான். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையை இறக்கி வைத்து, தராசுக்காக நிற்கிற நிற்பு.

உலகத்தில் எத்தனை நாட்டுக்காரன் அதற்குள் வருகிறானோ எனக்குத் தெரியாது. அந்தப் பொம்மைக்கு முன்னால் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிற ஒரே ஆள் எந்த ஊர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊர் மட்டுமா? முறை வந்ததும் கடைக்காரன் சிரித்தான். "ஹோ ஹோ" என்ற சத்தம் என் ஃபோனில் வந்தது. கூடவே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது.

சுவரில் காதை வைத்துப் பார்த்தேன், லெச்சுமியின் அறையேதான். பிறகு குள்ளனைக் கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் நிறுத்தினேன். பேசுகிற பொத்தானை அமுக்கினேன்.

"மச்சான், சௌக்கியமா? பொட்டிக்குள்ள போன ஆளு, எப்பிடி வெளிய வந்தீங்க?"

வாள்காரன் கடைக்காரனையே பார்த்து நின்றான்.

"சொல்லுங்க மச்சான். அங்க சிக்னல் நல்லாருக்கா?"

"கத்தாதீங்க அண்ணே." உன் மீசைக்காரனின் வாயிலிருந்து என் தங்கச்சியின் குரல். "செவத்துலயும் கேக்குது, இதுலயும் கேக்குது."

"கள்ளி! அப்ப கைக்குட்டையில என்னத்தக் கட்டி வச்ச?"

"சவுக்காரம்."

"என்னது?"

"புதுச் சவுக்காரக் கட்டி. குளிக்கிறதுன்னா அவருக்கு எவ்வளவு ஆச? ஊரு பாக்க ஃபோன வைக்கிறேன்னு சொல்லிட்டேன், வைக்காட்டி என்ன நெனப்பாங்க? ஃபோன மண்ணுல போட மனசு வரல."

"எங்கிட்டச் சொல்லி இருக்கலாம்ல?"

"நீங்கதான் பேசலையே."

"நானா? நீதான்டி பேசல!"

"சரி, கத்தாதீங்க." வாள்காரன் வீட்டுப் பக்கம் திரும்பினான். "வீடு விழுந்துரும்னு வசந்தி சொன்னா. அவரு பேரு போட்ட வீடுன்னு இந்த ஒலகத்துல அது ஒன்னுதான் அண்ணே இருக்கு. நா உசுரோட இருக்கிற வரைக்கும் அது விழக் கூடாது. அதான் தெனம் வந்து வெளக்கேத்திட்டு, கொழுந்து பறிச்ச கை சும்மா இருக்க மாட்டாம ரெண்டு செடி பறிக்கிறேன்."

உன்னைத் திட்ட வேண்டும் போல இருந்தது மச்சான். திட்டினேன், மனதுக்குள். நீ திரும்பிப் பார்க்காத பெண் உன் கதவுக்குக் காவல் இருக்கிறாள்.

"வேற எங்கயும் போய்ப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"ஐயோ, பயமா இருக்கு. வீடு, சரிவு, கட. அவ்வளவுதான். வழியே தெரியாது."

அப்போதுதான் உன் அருவி நினைவுக்கு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம், நீ உள்ளே வந்ததும் முதலில் ஓடுகிற இடம். அதன் அடியில் நின்று ஒரு நாள் என்னிடம் சொன்னாய். நாலு எட்டில் இருக்கிற துன்ஹிந்த அருவிக்குக் கூட அவளைக் கூட்டிக்கொண்டு போனதில்லை, கால் இருந்தபோது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது, கால் இல்லை என்றாய். நேரம் பார்த்து அவளிடம் சொல்லச் சொன்னாய். நீயே சொல்லியிருக்கலாமே? இரண்டடி தூரத்தில் அடுப்படியில்தானே நின்றாள்? அதற்கும் நான்தான் வேண்டும் உனக்கு.

"லெச்சுமி, மலைக்கு அந்தாண்ட ஒரு அருவி இருக்கு. அதுக்கு அடியில நின்னுதான் ஒரு நா மச்சான் எங்கிட்ட சொன்னாரு. ஒன்ன ஒரு தரம் கூட துன்ஹிந்தவுக்கு..."

சிவப்புப் போர்வை திரும்பியது. வரிசையை விட்டு விலகியது. "லெச்சுமி, நில்லு, முழுசாக் கேளு" என்றேன். நிற்கவில்லை. முதலில் நடந்தாள், பிறகு உன் இரண்டு காலாலும் ஓடினாள். அருவிக்குக் கோட்டைப் பக்கமாகப் போகிற பெரிய பாதையில் இல்லை. அந்த உலகத்து மாவு மில்லுக்குப் பின்னால் நீயும் நானும் கண்டுபிடித்த குறுக்கு வழியில்.

வழியே தெரியாது என்றவள் அதில் எப்படித் திரும்பினாள்? அடுப்பைப் பார்த்தபடி நின்றவள் உன் தோளுக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளா? அல்லது ஓடியது நீயேதானா? எனக்கு இப்போது உங்கள் இரண்டு பேர் மேலும் சந்தேகம்.

வீடு விழாது மச்சான். அவள் பின்னால் நானும் வரிசையில் நிற்பேன், அந்தப் பேச்சின் மீதியைச் சொல்லாமல் விடமாட்டேன். இன்றைக்கு மட்டும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. நீ எடுத்துக் கொடுத்த காலின் நீளம் அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டியின் அண்ணன், டோர்ச் லைட் எடுக்காத உன் மச்சான்,
குள்ளன் காத்தமுத்து