பிளேடால் கிழித்த மூட்டை

மச்சான்,

இன்று முப்பதாம் நோன்பு. சாயங்கால அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரர் ஒரு பை அரிசியோடு வந்தார். பையை வைத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கடையில சும்மா கெடந்துச்சு காக்கா. வீணாப் போகுதேன்னு கொண்டாந்தேன்" என்றார்.

பையிலிருந்து புழுங்கலரிசி வாசனை எழுந்தது. அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய். நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் நாலு வருஷம். அதற்குள் நான் கத்தாரில் கடையை மூடி, ஊர் திரும்பி, இருந்ததையெல்லாம் வீட்டுக்காரியின் வைத்தியத்துக்குக் கொடுத்துவிட்டேன். இது உனக்குத் தெரியாத கதை.

தொண்ணூறுகளில் ஒரு ரமலான். தோஹா தொழில்பேட்டையில் என் மளிகைக்கடை. நாலு தெரு தள்ளி நீ தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தாய். "டூட்டி இல்லேன்னா சம்பளமும் மாஃபி, கெடையாது" என்று அதையும் சிரித்துத்தான் சொன்னாய். ஆனால் நான் பார்க்க வரும்போதெல்லாம் தூங்குவதுபோலக் கிடந்தாய். எதையாவது கொடுத்துவிடுவேனோ என்ற பயம் உனக்கு.

எனக்கும் பயம்தான். பெருநாள் தொழுகைக்கு முன் தலைக்கு இவ்வளவென்று இல்லாதவருக்கு அளந்து கொடுக்கும் அரிசி ஃபித்ரா. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனிடம் போய், 'இல்லாதவன் நீ, இந்தா' என்று எப்படி நீட்டுவது? சொன்னால் உன்னை இழந்துவிடுவேன் என்று நினைத்தேன். வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? நல்ல மூட்டை ஒன்றை எடுத்து, ஓரத்தில் பிளேடால் கிழித்து, கடைசி நோன்பன்று அஸருக்குப் பின் தூக்கி வந்தேன்.

"எலி கடிச்சிருச்சுடா. விக்க முடியாது. நீயாவது ஆக்கித் தின்னு."

நீ கிழிசலை விரலால் தடவிப் பார்த்தாய்.

"கத்தார் எலி ஸ்கேல் வச்சுக் கடிக்குமோ?"

நீ சிரிக்கவில்லை.

"இது என்னன்னு சொல்லு மச்சான்."

"ஃபித்ரா."

"அதைச் சொல்லிக் குடுக்குறதுக்கு என்ன? ஃபித்ரா எனக்கு அல்லா வச்ச பங்கு. உன் கைவழியா வருது, அவ்வளவுதான். எலி கடிச்சதுன்னு நீட்டினே பாரு, அப்பத்தான் என்னைப் பிச்சைக்காரனாக்கினே."

என் கண் கலங்கியது. நீ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் இரண்டு கைகளாலும் மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாய். அளவைப் பார்த்ததும் உன் முகம் மாறியது.

"பெருநாளைக்குப் போக மிச்சம் இருக்கே. அப்ப ஃபித்ரா குடுக்குறது என் மேலயும் கடமையாயிருச்சு!"

சிமெண்ட் வெடிப்பு ஓடிய கைகளைச் சேர்த்துக் குவித்து, ஒரு தலைக்கு உரிய அளவாக நாலு தடவை ஒரு பையில் அள்ளிப் போட்டாய். எதிர்க் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்த பங்களாதேஷ்காரரிடம் பையை நீட்டி, அறையே கேட்கும்படி, "பாய், ஃபித்ரா" என்றாய். அவரும் எழுந்து உட்கார்ந்து, சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

அடுப்படியில் உன் அறைத்தோழர், அரியலூர்க்காரர், கரண்டியோடு எட்டிப் பார்த்தார். நோன்பு முப்பதும் உங்களுக்குக் கஞ்சி காய்ச்சியவர் அவர்.

"அரிசிய வச்சுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க. அங்க உலை கொதிச்சு வத்துது. ரெண்டு கை போடுறீங்களா இல்லையா?"

அன்று உன் அரிசியில் காய்ச்சிய கஞ்சியில்தான் நான் நோன்பு திறந்தேன்.

அதற்குப் பிறகு யாருக்குக் கொடுத்தாலும் ஃபித்ரா என்று பேர் சொல்லித்தான் கொடுத்தேன். ஆனால் வாங்கும் பக்கம் நின்று பார்த்ததில்லை. இன்று மளிகைக்காரர் பையை வைத்ததும் உடம்பு கூசியது மச்சான், பொய் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்திவிடலாமா என்றுகூட இருந்தது. வாசலிறங்கப் போனவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, ஃபித்ராதானே? பேரைச் சொல்லியே குடுங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி வந்து, பையை எடுத்து என் கையில் கொடுத்து, "ஃபித்ரா, காக்கா" என்றார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

அவர் போனதும் பையைப் பார்த்தேன். பெருநாளைக்குப் போக மிச்சம் இருந்தது. பள்ளிவாசல் பக்கத்தில் வெளியூர்த் தையல்காரர் ஒருவர் வேலையில்லாமல் தங்கியிருக்கிறார். பொழுது சாய்ந்து மஃரிப் ஆவதற்குள் அவரிடம் போயாக வேண்டும். எனக்கும் என் வீட்டுக்காரிக்கும் தலைக்கு நாலு தடவை, கைகளைச் சேர்த்துக் குவித்து அள்ளினேன். விரலிடுக்கில் கொஞ்சம் சிந்தியது. உன் கை என் கையைவிடப் பெரிது. அதனால் ஒவ்வொரு தலைக்கும் ஒரு கை கூடவே போட்டேன்.